ஆத்துச்சாமிக்கு எத்தனை வயசு

பங்குனி 6, வியாழன்

காலையிலயே வெயில் மண்டையைப் பொளக்குது. ஆத்துல முழங்கால் தண்ணி. நாளைக்கு வாழைக்குத் தண்ணி திறக்கணும்.

நான் மூணாம் கிளாஸோட நின்னவன். தப்பும் தவறுமாத்தான் எழுத வரும். உரக்கடை டைரி சும்மா கெடந்துச்சு. எவ என்ன சொன்னான்னு எழுதி வைக்கணும், சாட்சி வேணும்லா.

ஒரு புள்ள வந்திருக்கா. பேரு ஜெசி. பாளையங்கோட்டை. அப்பா வாத்தியாராம். பழைய சிலைகளைப் பத்தி ஆராய்ச்சிப் படிப்பாம். முடிச்சா மியூசியத்துல வேலையாம். படித்துறையில இருக்க நம்ம ஆத்துச்சாமியைப் பாக்கணும்னா. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளைக்கு நம்ம சாமிகிட்ட என்ன சோலி?

கொண்டு வந்த சாமான்: கேமரா, டேப்பு, பிரஷ், ரெண்டு நோட்டு, புளிச்சோறு. டேப்பு எதுக்கு? சாமிக்குச் சட்டையா தைக்கப் போறா? தூக்கிட்டுப் போகப் பொட்டி அடிக்க அளவு எடுக்கா.

"எத்தனை வருஷமா கும்பிடுதீங்க அண்ணாச்சி?"

"ஏழு தலைமுறை."

வாய் தானா சொல்லிட்டு. அதோட நின்னேனா? முன்னால ஒருக்கா இந்தச் சாமியைத் தூக்கப் பாத்தாவ, மூணு வண்டிக்கு அச்சு முறிஞ்சுது, நாலாவது வண்டிக்காரன் ரத்தம் கக்கிச் செத்தான்னு விட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே ருசியா இருந்துச்சு. செத்தவனுக்குப் பேரு வச்சேன், பொண்டாட்டிக்கு ஊரு வச்சேன், மாட்டுக்குச் சுழி கூட வச்சேன். அவ அம்புட்டையும் போன்ல பிடிச்சுக்கிட்டா.

நம்புன மாதிரிதான் தலையை ஆட்டுனா.

பங்குனி 7, வெள்ளி

தண்ணி திறந்தாச்சு. மேக்கால வயல்காரன் ராவோட ராவா மடையை மாத்தி வச்சிருக்கான். அவனை நம்பவே கூடாது. அவன் அப்பன் இப்படித்தான், எங்க ஆட்டை அவன் ஆடுன்னு சந்தையில வித்துட்டு, எங்கூடயே அலைஞ்சு தேடுனவன். விடு, எங்கயோ போயிட்டேன்.

இங்கன உள்ளதை எழுதலாம், எவன் பாக்கப் போறான்.

ஆத்துச்சாமிக்கு ரெண்டு வயசு. அதுக்கு முன்ன அது தொவைக்கிற கல்லு. குப்புறக் கெடந்துச்சு. ஊரே அது முதுகுலதான் துணி அடிச்சோம். பெருவெள்ளம் வந்து புரட்டிப் போட்டுச்சு. தண்ணி வத்துனா, சம்மணம் போட்டு ஒரு ஆளு. நீளக் காது, கண்ணை மூடி உக்காந்திருக்கு. பொம்பளைய எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாவ. நான்தான் முதல்ல அதுக்கு வேட்டி கெட்டுனேன். அன்னையில இருந்து நான் பூசாரி. வாய்க்கால் காவல் பாக்கும்போது "ஏலே"ன்னு கூப்பிட்டவன்லாம் இப்ப "சாமி"ங்கான்.

அந்தப் புள்ள நேத்து சொன்னது: காலங்காலமா கும்பிடுத சிலைன்னா ஊர்லயே இருக்கும். வெள்ளத்துல மண்ணுல கெடச்சதுன்னா தாசில்தாருக்குச் சொல்லணும், மியூசியத்துக்குப் போயிரும். இதை ஏன் எங்கிட்ட சொன்னா? ஆழம் பாக்கா.

பங்குனி 14, வெள்ளி

மறுபடியும் வந்துட்டா. குடை பிடிச்சுக்கிட்டு சாமிக்குப் பின்னால போயி உக்காந்தா. ஒரு மணி நேரம். முதுகைத் தடவித் தடவிப் பாக்குதா.

"அண்ணாச்சி, முன்பக்கம் கொத்துன உளித்தடம் அப்படியே இருக்கு. முதுகு மட்டும் வழவழன்னு குழிஞ்சிருக்கே?"

"ஏழு தலைமுறையா எண்ணெய் தேய்க்கோம்லா."

"முதுகுல மட்டுமா?"

அந்நேரம் பாத்து எங்க மதினி பேச்சி வாளியோட வந்தா. அண்ணன் பொண்டாட்டி. வாயை மூட ஒரு மூடி இன்னும் எவனும் செய்யல.

"ஏ புள்ள, நான் கல்யாணமாகி வந்த புதுசுல, கூறைச்சேலையை இந்தக் கல்லுல..."

நான் இருமுனேன்.

"கொழுந்தனாருக்கு என்ன, மீன் முள்ளு மாட்டிக்கிட்டா? சாமியானதுக்கு அப்புறம் மீனை விட்டுட்டேருன்னுல்லா சொன்னாவ?"

புள்ள சிரிச்சா. பேனா கையிலதான் இருந்துச்சு. எழுதல.

ஏன் எழுதல? எழுதியிருந்தா கூட எனக்கு இவ்வளவு பயம் வராது.

பங்குனி 18, செவ்வாய்

அனல் காத்து. வாழை இலை எல்லாம் கிழிஞ்சு தொங்குது.

வாழைக்குள்ள நின்னேன். ஒளிஞ்சில்லாம் நிக்கல, சும்மா நின்னேன். அவ போன்ல பேசுதா, அவ சாருகிட்ட போல. "இல்ல சார், அந்த ஒரு அத்தியாயம்தான் பாக்கி... சித்திரை முடியுறதுக்குள்ள தந்திருதேன் சார்... தெரியும் சார், தராட்டா மியூசியத்துல என் இடத்துக்கு வேற ஆளு."

சோறு திங்க மதினி வீட்டுக்குப் போனா. நோட்டு படியில இருந்துச்சு. எடுத்தேன். தப்புதான். அவ பைய வருவா, எனக்கும் பையத்தான் வாசிக்க வரும். எழுத்துக்கூட்டி, விரலை வச்சு வாசிச்சேன். அஞ்சு வரிக்கு அரை மணி நேரம்:

"ஏழு தலைமுறை என்கிறார். நம்பவில்லை. முதுகில் துணி துவைத்த தேய்மானம். வெள்ளத்தில் புரண்டிருக்கும். எழுதினால் தூக்கிவிடுவார்கள். அவராகச் சொல்லாமல் எழுத மாட்டேன்."

நோட்டை எடுத்த படியிலயே வச்சேன்.

அப்புறம் தோணுச்சு, நான் வாசிக்கணும்னே வச்சிட்டுப் போனாளோ?

சித்திரை 2, செவ்வாய்

ஜீப்பு வந்துச்சு. ஒரு ஆபீசர், ரெண்டு ஆளு, ஒரு அட்டையில சொருகுன ஃபாரம். ஜெசியும் கூட. அவதான் கூட்டிட்டு வந்தாளோன்னு மூஞ்சியப் பாத்தேன். வெளிறிப் போயிருந்தா. அவ சாருதான் ஆபீசருக்குச் சொல்லி அனுப்புனாவளாம்.

ஊரே கூடிட்டு. மதினி முன்வரிசை.

ஆபீசர் அவகிட்டதான் முதல்ல கேட்டாரு. "நீங்க என்னம்மா எழுதியிருக்கீங்க?"

"இன்னும் எழுதல சார்."

"இன்னுமா? ஒங்களுக்குத் தேதி முடியுதே."

ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை சொன்னா அவ படிப்பு முடிஞ்சுது, வேலை கெடச்சுது. சொல்லல.

ஆபீசர் எங்கிட்ட திரும்புனாரு. "பெரியவரே, எத்தனை வருஷமா கும்பிடுதீங்க?"

எல்லார் கண்ணும் என் வாய் மேல.

"ரெண்டு வருஷம்."

"ரெண்டா?"

"ரெண்டுதான். முன்ன தொவைக்கிற கல்லு. வெள்ளம் புரட்டிப் போட்டுச்சு. வண்டி அச்சு முறியல. ரத்தம் கக்குனவனும் கெடையாது."

மதினி தலையில அடிச்சுக்கிட்டா. "ஏ கொழுந்தனாரே, ஊரு உலகத்துல பொய் சொல்லாத நாளு கெடையாது ஒமக்கு. இன்னைக்குப் பாத்தா ஒமக்கு உண்மை வரணும்?"

நாலு பேரு என்னையத் துரோகின்னாவ. சாமி வேட்டியை நான்தான் அவுத்தேன். முதுகைக் காட்டுனேன்.

சித்திரை 9, செவ்வாய்

ஊர்ல எவனும் பேசல. டீக்கடையில டீ வருது, பேச்சு வரல. மறுபடியும் "ஏலே" ஆயாச்சு.

ஜெசி வந்தா. எழுதிட்டாளாம். என் பேரைப் போடலாமான்னு கேட்டா. வாசிச்சுக் காட்டிட்டுப் போடுன்னேன். பேரை மட்டும் வாங்கிட்டு வேற என்னத்தையும் எழுதிறக் கூடாதுல்லா. படியில உக்காந்து வாசிச்சா. மூணேகால் பஸ்சு போயிட்டு. ரெண்டு இடத்துல தப்பு. திருத்தச் சொன்னேன். திருத்துனா.

சித்திரை 25, வியாழன்

லாரி வந்துட்டு. பட்டாவுக்கு மூணு வருஷம் நடந்தேன். கல்லைத் தூக்க ஒரு மாசம் ஆகல.

எட்டு பேரு. மூங்கில், வடக்கயிறு, வைக்கோல் மெத்தை. ஜெசி கத்துதா, "பைய, பைய, காது, காது!" ஆத்துல இறங்கி முழங்கால் அளவு சேறு அவளுக்கு. மதினி அழுதா. அழுதுக்கிட்டே எட்டு பேருக்கும் மோர் குடுத்தா. எனக்குத் தரல.

லாரி கெளம்புச்சு. புள்ள பின்னால, கல்லுக்குப் பக்கத்துல நிக்கா. நான் கையாட்டுனேன். அவ ஆட்டல. காரியம் முடிஞ்சுட்டுல்லான்னு நெனச்சேன்.

வண்டி மேட்டுல ஏறித் திரும்பும்போதுதான் பாத்தேன். ரெண்டு கையாலயும் கல்லைப் பிடிச்சிருந்தா.