கம்பெனி பஸ்ஸில் நாற்பது நியாயவான்கள்

அன்பு மகள் அமலாவுக்கு,

குன்றத்தூரிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே தகவல் சொல்லிவிடுகிறது. கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க மலைமேல் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட நாற்பது கேள்வித்தாள்களும் பார்சலில் வருகின்றன. பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு. இவற்றை வைத்துக் கட்டுரை எழுதினால்தான் முழுப் பேராசிரியர் பதவி என்றாய். பி.எட். முடித்துப் பள்ளியில் குடிமையியல் நடத்தியவள், மனிதருக்கு நியாய உணர்வு எப்படி வருகிறது என்று பதினெட்டு வருடமாகப் படித்தும் கற்பித்தும் அவ்வளவு தூரம் போய்விட்டாய். அது என்ன வேலை என்று எனக்கே முழுதாகப் பிடிபடாது. டீக்கடை நரசிம்மன், நாயத்துக்குக்கூட டாக்டர் கீறாங்களா, ஊசி போடுவாங்களா என்று கேட்டார். மாத்திரை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

தாள்களை நான் ஓட்டும் கம்பெனி பஸ்ஸில்தான் கொடுத்தேன். ஒரகடம் போய்ச் சேர ஒரு மணி நேரம், யாரும் தப்பிக்க முடியாது. கர்ப்பிணிக்கு ஏன் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதினோரு பேர், டிரைவர் திட்டுவார் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது. தென்காசிப் பையன் இசக்கி, இது சூப்பர்வைசருக்குப் போவுமா அண்ணாச்சி என்று மூன்று முறை கேட்டுவிட்டு, எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் நல்லது' என்று எழுதினான். ஒன்பது பேர் தூங்கிவிட்டதால் முப்பத்தொன்றுதான் தேறியது.

மிச்ச ஒன்பதையும் நானே எழுதினேன். கோபப்படாதே அம்மா. பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன், ஒன்றை இடது கையால்கூட. ஒருவன் கீழே கிடந்த பர்ஸைத் திருப்பிக் கொடுக்க மதுராந்தகம் வரை நடக்கிறான். இன்னொருத்தி கிராமசபைக் கூட்டத்துக்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிவைக்கிறாள். அவள் பெயர் மகாராஜா. பெண் என்ற கட்டத்தில் கை தவறி டிக் அடித்துவிட்டேன்.

மறுநாள் என் சீட்டருகே வைத்திருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்து முன் சீட்டு கவிப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள். கம்பெனியில் தயாராகி வரும் சாமான்களில் பழுதானதைப் பிடிப்பதுதான் அவள் வேலை. மகாராஜா தாளை நீட்டி மெதுவாகத்தான் சொன்னாள்: "டிரைவர்ணா, உங்க பொண்ணு நாயத்தைப் பத்தி எழுதுறாங்க. நீங்க பொய்யக் கலந்து அனுப்பிக்கினு கீறீங்க. மாட்டினா யாரு வேல போவும்?"

பதவி கிடைப்பதைத்தான் நினைத்தேனே தவிர, இருக்கிற வேலை போகும் என்று தோன்றவே இல்லை. மணிமங்கலம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, ஒன்பதும் நான் எழுதியது என்று சொல்லிக் கிழித்துப் போட்டேன். சத்தம் போடுவார்கள் என்று பார்த்தால் பின்னாலிருந்து இசக்கி எழுந்தான். "நானும் பொய்தான் எழுதியிருக்கேன் அண்ணாச்சி, என் தாளத் திருப்பித் தாங்க" என்றான். அப்புறம் பஸ் முழுக்கக் கை நீட்டியது. கம்பெனிக்கு எட்டு நிமிடம் தாமதம். கேட்டில் காரணம் கேட்டார்கள், நியாயம் பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். செக்யூரிட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'டிராஃபிக்' என்று எழுதிக்கொண்டார்.

புதுத் தாள் ஜெராக்ஸ் எடுத்து நாற்பது பேரும் மறுபடி எழுதினார்கள், தூங்கிய ஒன்பது பேர் உட்பட. இந்த முறை நான் படிக்கவில்லை, அவரவரே கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். கையால் மறைத்துக்கொண்டு எழுதிச் சிரித்ததைப் பார்த்தால் உள்ளே உருப்படியாக ஒன்றும் இருக்காது. பதவி தள்ளிப்போனால் பழி என் மேல். கவிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. கவரைத் தரும்போது, "எங்கம்மாவாண்டகூட சொல்லாதது இதுல கீது, உங்க பொண்ண நம்பித் தர்றேன்" என்றாள். பத்திரம் அம்மா.

காதை மூடாமல் வெளியே போகாதே. எங்கள் ஆயுளும் உனக்கே சேரட்டும். அம்மா பார்சலில் வைத்த மாவடு ஊறுகாயை நான் எடுத்துவிட்டேன், கவர்களில் எண்ணெய் பட்டுவிடும். அவள் போனில் கேட்டால் ருசியாக இருந்தது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
தணிகாசலம்