சண்முகத்தாய் அத்தை வீட்டுப் பால்

எம். புதுப்பட்டி,
8.4.2001

அன்பு மகள் இசைவாணிக்கு,

உன் சித்தி எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். அந்த லீட்ஸ் ஊரில் குளிர் கொஞ்சம் விட்டு, ஆஸ்பத்திரியில் இரவு வேலை குறைந்து, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருப்பாய் என்ற நினைப்பில் இதைத் தொடங்குகிறேன். பங்குனிப் பொங்கலுக்குப் பட்டாசுக் கம்பெனி அடைத்திருப்பதால் அப்பா இரண்டு நாளாக வீட்டில்தான் இருக்கிறார், போர்மேன் வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். மழை இல்லை. தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் பெரிது.

போன வாரம் போனில் நீ கேட்டாய், 'சண்முகத்தாய் அத்தை ஏன் சித்தி உங்ககூடப் பேசுறதில்லை' என்று. நான் லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் கேட்டது. பூத்துக்கு வெளியே நம் தெரு ஆட்களே நாலு பேர் காத்திருந்தார்கள், அவர்கள் காதுபட அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு அவர் அப்பாவின் கூடப்பிறந்தவர் மட்டும் இல்லை, உன் அம்மா போன பிறகு நான் இந்த வீட்டுக்கு வரும்வரை உனக்குத் தலை பின்னிவிட்டவர். அதனால் இது உனக்கு வேறு யார் வாயாலும் வரக்கூடாது.

அத்தையின் செவலை மாடு மாசிக் கடைசியில் செத்துப்போனது. அப்பா உன்னிடம் அதை மட்டும் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். அன்று காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டார், 'ஏத்தா மாரி, பொஸ்தகமெல்லாம் படிக்கியே, இங்கன வந்து பாரு, மாடு நிக்க முடியாம ஆடுது' என்று. போய்ப் பார்த்தால் செவலைக்கு உடம்பெல்லாம் நடுக்கம், பின்னங்கால் இரண்டும் அகன்று அகன்று வழுக்குகிறது, எழுந்து நிற்கப் பார்க்கிறது, முடியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் நீ இருக்கிற நாட்டில் மாடுகளுக்கு வந்த பைத்திய நோயைப் பற்றி நீளமான கட்டுரை படித்திருந்தேன். மாட்டு எலும்பையே அரைத்து மாட்டுக்குத் தீனியாகப் போட்டதில் வந்தது என்றும், அந்தக் கறியைத் தின்றவர்களுக்கும் மூளை அரித்துப் போகிறது என்றும் போட்டிருந்தார்கள். நீ அங்கே என்ன சாப்பிடுகிறாயோ என்ற பயத்தில் ஒரு வரி விடாமல் படித்தேன். அதில் ஒரு படம், ஈரத் தரையில் கால் விரித்து விழுகிற ஒரு மாடு. அந்தப் படமேதான் அத்தை வீட்டுத் தொழுவில் நின்றது போல எனக்குத் தெரிந்தது.

அத்தை மகன் முனியராஜ் அதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டான். 'அத்தை, நான் போயி டாக்டரைக் கூட்டிட்டு வந்திருதேன், நீங்க அம்மாவைப் பாத்துக்கோங்க' என்றான். நான்தான், 'ஏலே முனியராஜு, நில்லு. இது அந்த வெளிநாட்டு நோய். இதுக்கு மருந்தே கிடையாது. யாரும் தொடாதீங்க, பாலைக் கீழே ஊத்துங்க' என்றேன். யாருக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவருகிறார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முனியராஜ் சைக்கிளைச் சுவரில் திரும்பச் சாய்த்தான். அத்தை மாட்டின் தலையை மடியில் எடுக்கப் போனார், நான் கையைப் பிடித்து இழுத்தேன். 'என் மாடுத்தா, நான் தொடாம வேற யாரு தொடுவா' என்று என்னைப் பார்த்தார். விடவில்லை நான். மத்தியானத்துக்குள் அது தனியாகக் கிடந்து செத்தது.

அதைப் புதைக்கவும் பயம், தோலுக்குக் கொடுக்கவும் பயம் என்று ஊர் தவித்ததால் மறுநாள்தான் கால்நடை டாக்டருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் ரத்தத்தைப் பார்த்தார், காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது. பிறகு தொட்டியைப் பார்த்தார். அதில் பருத்திக்கொட்டை ஊறப்போட்ட சாக்கு கிடந்தது. அது முனியராஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சாக்கு, பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு வந்தது. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அந்தச் சாக்குதான், வைக்கோலுக்கும் அதுதான், வாசலில் கால் துடைக்கவும் அதுதான், உனக்குத் தெரியாததா. அத்தை எப்போதும் நாலைந்து தண்ணீர் விட்டு அலசித்தான் தொழுவுக்கு எடுப்பார். அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, உதறி மட்டும் போட்டிருக்கிறார். உப்பு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. இன்னொரு மாடு கறுப்பியைக் கறந்துகொண்டிருந்த நேரத்தில் செவலை தொட்டி முழுவதையும் குடித்துவிட்டது, அந்த உப்பு மாட்டு ரத்தத்துக்கு விஷமாம். டாக்டர் அதட்டவில்லை, 'விழுந்த உடனே ஆள் விட்டிருந்தீங்கன்னா ஊசி போட்டு எழுப்பிப் பாத்திருக்கலாமேம்மா, ஏன் விடலை' என்று மட்டும் கேட்டார். தொழுவுக்குள் அத்தையும் முனியராஜும் நானும்தான் இருந்தோம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தை டாக்டரிடம் இரண்டு கையையும் கூப்பி, 'சாக்கைப் பத்தி வெளியே சொல்லிராதீக சாமி, என் கையால நானே வச்சேன்னு ஊரு பேசும்' என்றார். அவரும் வெளியே போய்க் கூட்டத்தைப் பார்த்து, அந்த நோய் இல்லை, எல்லாரும் போங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அப்படியானால் பிறகு என்ன நோய் என்று ஊர் கேட்டது. அதற்கு எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் என் சொல்தான் நின்றது.

நான் திரும்ப நூலகத்துக்குப் போய் அந்தக் கட்டுரையை எடுத்து வாசித்தேன். அந்த நோய் மாட்டின் உடம்பில் வருஷக்கணக்கில் இருந்துதான் வெளியே தெரியும் என்று அதிலேயே இருக்கிறது. பாலில் அது வருவதாகத் தெரியவில்லை என்றும் இருக்கிறது. இரண்டும் நான் முன்பே படித்த வரிகள். நேற்றுவரை மேய்ந்த மாடு ஒரு காலையில் விழுந்தால் அது எப்படி அந்த நோயாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். எனக்கு அந்தப் படம் மட்டும்தான் நினைவில் இருந்தது.

இப்போது கறுப்பியின் பாலை யாரும் வாங்குவதில்லை. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. டீக்கடைப் பெத்தணன் நல்ல மனுஷன்தான், அவரும், 'மதினி, எனக்கு ஒண்ணுமில்லை, டீ குடிக்க வாறவன் கிளாஸை மோந்து பாத்துட்டு வச்சிட்டுப் போறான், நான் என்ன செய்யட்டும்' என்று அத்தையிடம் கையை விரித்துவிட்டார். உக்கிரபாண்டி இருக்கிறானே, அவன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, 'அந்தப் பாலைக் குடிச்சிட்டு நாளைக்கு மருந்து கலக்க உக்காந்தா கை நடுங்கும்லே, நீயும் போவே, கூட இருக்க எங்களையும் கூட்டிட்டுல்ல போவே' என்றானாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தார்களே தவிர ஒருவனும் குடிக்கவில்லை, வெடிமருந்து அறையில் உட்காருகிறவனுக்கு அது முழுக்க வேடிக்கை இல்லை.

நான் ஒரு நாள் காலை அந்தக் கடைக்கே போனேன். கடையில் நின்று டீ குடிக்கிறவள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். அத்தை வீட்டில் வாங்கிய பாலைப் பெத்தணனிடம் கொடுத்துக் காய்ச்சச் சொல்லி, அத்தனை ஆண்கள் நடுவில் நின்று குடித்தேன். நான் சொன்னது தப்பு, அது அந்த நோய் இல்லை என்றும் சொன்னேன், குரல் எவ்வளவு தூரம் கேட்டதோ தெரியவில்லை. உக்கிரபாண்டி, 'மருந்துக்கிட்ட உக்காராதவுக குடிக்கலாம் அக்கா, உங்களுக்கென்ன' என்றான். வெறும் கிளாஸைப் பெத்தணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சித்திரைக் கடைசியில் கேரளா வியாபாரி கறுப்பியைப் பார்க்க வருகிறான். அதையும் கொடுத்துவிட்டால் அத்தை இந்த வயதில் ஏழாயிரம்பண்ணை வேனில் ஏறிப் பட்டாசுத் திரி வெட்டத்தான் போகவேண்டும், முனியராஜ் உன் அப்பாவிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டும் வைத்துவிட்டான்.

அத்தை என் மேல் கோபத்தில் பேசவில்லை என்றுதான் தெருவில் நினைக்கிறார்கள். கோபம் இருக்கும், இருக்கவேண்டும். ஆனால் பாலுக்குச் செம்போடு போய் நிற்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தொட்டியைத்தான் பார்க்கிறார். அந்தச் சாக்கைப் பார்த்தவள் நான் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சாக்கைச் சொன்னால் பால் விற்கும், சொல்ல அவரால் முடியவில்லை, அவருக்காக நான் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. நீயும் அவரிடம் அதைக் கேட்காதே. செவலை என்னால் செத்தது என்றே ஊர் வைத்துக்கொள்ளட்டும், அதில் பொய் ஒன்றும் பெரிதாக இல்லை.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். முனியராஜ் பெயருக்கு ஒரு கடிதம் போடு. நீ அந்த நாட்டிலேயே நர்ஸ் வேலை பார்க்கிறவள், நீ சொன்னால் பெஞ்சில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள். தூரத்துச் செய்தி ஒன்றை நம்பித்தான் இது ஆனது, இன்னொரு தூரத்துச் செய்தியைக் கேட்டு வாங்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அந்த நோய் ஒரே காலையில் மாட்டைச் சாய்க்குமா, பாலில் வருமா என்று உன் டாக்டர்களிடம் விசாரித்து உனக்கு உறுதியானதை மட்டும் எழுது, அத்தைக்காக ஒரு சொல் கூட்ட வேண்டாம். நீயும் அங்கே கேன்டீனில் சூப்பு, கொத்துக்கறி வைத்த ரொட்டி இதெல்லாம் என்னவென்று கேட்டுச் சாப்பிடு, பால் தயிரை விட்டுவிடாதே, நீ ஏற்கெனவே ஒல்லி.

வேலை, உடம்பு, மனசு மூன்றும் உனக்குக் குறைவில்லாமல் இருக்க பத்திரகாளி அம்மன் துணை இருப்பாள். அப்பா விசாரித்ததாக எழுதச் சொன்னார். வியாபாரி வருவதற்குள் கடிதம் வந்து சேரவேண்டும், அதனால் இதைப் படித்த அன்றே எழுதிப் போடு. முதல் வரியிலேயே, என் சித்தி முத்துமாரி சொன்னது தப்பு என்று பேரைப் போட்டே எழுது. முனியராஜ் அதைப் பெத்தணன் கடையில் சத்தமாக வாசிக்கட்டும், நானும் அங்கே போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தி
முத்துமாரியம்மாள்