சாமி அலமாரிக்கு மேலே போட்ட பலகை

நவ. 13, வியாழன்

விடிந்ததிலிருந்து மூடாக்கு. துவைத்தது எதுவும் காயாது. பின்பக்கப் புது ரூமுக்குக் கூரையாக சிமென்ட் ஷீட் போட இன்று ஆள் வந்தாயிற்று. சின்னராசு, அவர் பெண்டாட்டி மாதம்மாள். இரண்டே பேர். அவர் மேலே, இவள் கீழே நின்று எடுத்துக் கொடுக்கிறாள்.

ரூம் என் மகள் கவிதாவுக்கு. தையில் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் முடிந்தாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை ஹாலில் படுக்க வைக்க முடியுமா?

பின்னால் ஒரே சேறு, ஏணி நிற்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய், அங்கிருந்து சமையலறை ஷீட் மேல் இறங்கி, அதைத் தாண்டித்தான் புது ரூமுக்குப் போகவேண்டும். சமையலறை ஷீட் பழசு. கவிதா பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டது. சின்னராசு அதன் மேல் நீளப் பலகை ஒன்றைப் போட்டார். மாடிக் கம்பியில் கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பு பெல்ட்டில் மாட்டினார். அப்புறம்தான் காலையே வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மாதம்மாள் பார்த்துவிட்டாள். "வெறும் ஷீட்டுல கால வெச்சா அப்பளந்தான்க்கா. எங்கூட்டுக்காரரு பயந்தாங்கொள்ளி. அதனாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்."

தைக்க ஜாக்கெட் மூன்று பாக்கி. ஹூக் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டியது: ஹூக், உளுந்து, கொசுவத்தி.

நவ. 14, வெள்ளி

தூறல். எழுத்து கோணுகிறது. எழுதினால்தான் ஆறும் போலிருக்கிறது.

காலையில் என் வீட்டுக்காரர் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். சாமி அலமாரி சமையலறை மூலையில். தலைக்கு மேல் தொம் தொம்மென்று சத்தம். அண்ணாந்து பார்த்தார். பலகைச் சத்தம் சரியாகச் சாமிக்கு மேலே போகிறது. தட்டை வைத்துவிட்டு வெளியே போனார்.

"ஏம்ப்பா சின்னராசு, வெள்ளிக்கெழம அதுவுமா சாமி தலமேல நடக்கறியே. ஆகுமா?"

"ஐயோ, தெரியாம போச்சுங்கண்ணா." மேலே நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே பலகையை அந்தண்டை ஓரத்துக்கு மாற்றினார். அது சுற்று வழி. பலகை நீளம் போதவில்லை, ஓர் எட்டு வெறும் ஷீட்டில்தான் வைக்கவேண்டும். கயிறும் எட்டவில்லை. பெல்ட்டிலிருந்து கழற்றினார்.

மாதம்மாள் கீழேயிருந்து கத்தினாள். "கவுத்த அவுக்காத! எறங்கு, வேற கவுறு வாங்கியாரலாம்!"

"ரெண்டு நடைதான் புள்ள. தா வந்துட்டேன்."

நான் டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். என் வீட்டுக்காரர் சொன்னது நியாயம் என்றுதான் அப்போது பட்டது.

ஒரு நடை போய்த் திரும்பினார். மறுநடையில் ஷீட் உடைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அடுப்பு மேடை விளிம்பில் முதுகு அடித்துத் தரையில் கிடந்தார். சாமி அலமாரியில் ஒரு படம்கூட அசையவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நவ. 15, சனி

மழை. ஓட்டை வழியாகச் சமையலறையில் தண்ணீர். குண்டான் வைத்தேன், நிரம்புகிறது, கொட்டுகிறேன். ஹோட்டல் இட்லி. யாரும் தொடவில்லை.

சின்னராசு தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம். போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு. "மொத நாளெல்லாம் சாமி மேலயே நடந்திருக்கறான். சும்மா வுடுமா?" கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், "சாமிதான் உசுர காப்பாத்துச்சு." ஒரே வாய். போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். என்ன முகத்தோடு கேட்பது? உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தேற்ற வேண்டும். மனம் வரவில்லை. அவர் மேல் கோபம். என் மேல் அதைவிட.

கவிதா போன் செய்தாள். ரூம் முடிந்ததா என்றாள். மழை என்று சொல்லிவைத்தேன்.

நவ. 17, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ஒரு போர்வை. மாதம்மாள் வார்டில் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வாங்கக்கா" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். திட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் சின்னராசு கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அழுவாதீங்கண்ணா. நீங்க சொன்னப்பறம் சாமி மேல என் கால் படலீங்க. அந்த மட்டுக்கும் நல்லது."

மாதம்மாள் நாங்கள் கொண்டுபோன போர்வையை விலக்கி, அவர் காலைத் தூக்கி நேராக வைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டேயிருந்தார்.

கிளம்பும்போது மாதம்மாள் படிக்கட்டு வரை வந்தாள். "எறங்குன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கலாம்க்கா. நான் கத்துனா கேக்கமாட்டாரு. வேல குடுக்கறவங்க சொன்னா கேப்பாரு."

 பஸ் எங்கள் ஊர் காரிமங்கலம் வந்ததுகூடத் தெரியவில்லை. கண்டக்டர்தான் குரல் கொடுத்தார்.

நவ. 18, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. ஹூக் வாங்கியாயிற்று. ஒரு ஜாக்கெட்டும் முடியவில்லை. மனம் தையலில் நிற்கவில்லை.

ஓட்டையை மூட நாளை வேறு ஆள் வருகிறார். போனில் சத்தமாகப் பேசினார். எனக்கே கேட்டது. "அந்த எடத்துல சாமி இருக்குதாமே. நான் எப்பிடிங்க நடந்து போறது?" என் வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார். சாமி நாளை அங்கே இருக்காது, பலகையை எங்கே வேண்டுமோ அங்கே போடுங்கள், கயிறு கட்டாமல் ஏறவேண்டாம் என்றேன்.

அடுப்பில் பாலை வைத்தேன். முருகன் படம், லட்சுமி, காமாட்சி விளக்கு, மணி, சூடத் தட்டு. ஒவ்வொன்றாக எடுத்து முன் ரூமில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்தேன். பொட்டும் வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், சாமியை இடம் மாற்றி முடித்தும் பால் இன்னும் பொங்கவில்லை.