சிவப்புத் துணி கட்டிய செடி

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இன்று நான் பார்த்துக்கொண்டது பதினோரு குழந்தைகள், இரண்டுக்குச் சளி. தொட்டில் கயிறு ஒன்று மாற்ற வேண்டும்.

மதியம் ஏழாம் நம்பர் மலை, ஓடைக்கரை. போன வாரம் கண்ட அந்தச் செடி அங்கேயே. தரையில் வளரும் ஆர்க்கிட், ஹபனேரியா வகை. இனம் தெரியவில்லை. மொட்டு ஆறு, உயரம் என் முழங்கை நீளம். நான்கு படம் எடுத்துப் போனிலேயே தாவரக் குழுவில் போட்டேன்.

குழுவில் பெயர் கண்டு சொல்கிற யாழ்ப்பாணத்து ஆசிரியர் உடனே எழுதினார்: "பிள்ளை, இதை அந்தப் பக்கம் ஒருத்தரும் கண்டதா எனக்குத் தெரியேல்லை. பூ விரிஞ்ச உடன நேரா ஒண்டு, பக்கவாட்டில ஒண்டு எடுத்துப் போடுங்கோ. அது இல்லாமல் பேர் சொல்லேலாது."

பெயர் உறுதியானால் குழுவின் தாவரப் பதிவில் 'கண்டவர்' என்று என் பெயர் வரும். ஓ.எல். பரீட்சை வரை படித்த பிள்ளை மடுவத்து ஆயாவின் பெயர். யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன்: எனக்கு அது வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

மூடுபனி. புல் முழங்கால் வரை. செடியைத் தேடவே கால் மணி நேரம், காலில் இரண்டு அட்டை. பழைய சேலையில் சிவப்பாக ஒரு துண்டு கிழித்து, செடியோரம் குச்சி நட்டுக் கட்டிவிட்டேன். இனித் தேட வேண்டாம்.

லுணுகலை டவுனில் வாங்க: சோப், தொட்டில் கயிறு, போனுக்கு ரீலோட்.

குழுவில் ஒருவர்: "அக்கா எந்தக் கெம்பஸ்?" எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கிறார். போனை அணைத்து வைத்தேன்.

நவம்பர் 11, திங்கள்

வெயில். அடி மொட்டு மூன்றும் வெளுத்துவிட்டன. நாளை விரியும். போன் இரண்டு தடவை சார்ஜ் போட்டாயிற்று, என்ன கூத்து இது.

நவம்பர் 12, செவ்வாய்

செடி இல்லை.

சுற்றிலும் புல் வெட்டிக் கிடந்தது. செடி இருந்த இடத்தில் ஒரு முழக் குழி, சாம்பல். ஓரத்தில் என் துணி.

புல்லுவெட்டில் நின்ற செல்லம்மா அக்காவிடம் ஓடினேன். தன் சின்னவனைத் தினமும் என்னிடம் விட்டுப் போகிறவள்.

"செவப்புத் துணி கட்டியிருந்துச்சே தங்கச்சி. சீக்குச் செடின்னு வேரோட தோண்டி எரிச்சிட்டோம். ஒரு பொட்டு வேர் விடலை."

பெருமையாகத்தான் சொன்னாள். நல்ல வேலைக்காரி.

தேயிலையில் வேர்நோய் கண்டால் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணியைக் கண்டால் தோண்டி எரிப்பார்கள். நான் கங்காணி மகள். அப்பாவுக்கு அந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்தவளே நான்தான். கட்டும்போது ஒரு நொடிகூட அது நினைவுக்கு வரவில்லை. குழுவுக்குப் படம் எடுக்கப் போனால் தோட்டத்தையே மறந்துவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

என் முகத்தைப் பார்த்து அக்கா பயந்துவிட்டாள். "பூ மட்டும் எரிக்க மனசு வரலை. ஒடிச்சு மாடசாமிக்கு வச்சேன். தப்பா தங்கச்சி?"

"இல்லக்கா. துணி கட்டுனதே நாந்தான்."

ஓடைக்கு மேலே மாடசாமி கல். விபூதிக்குப் பக்கத்தில் மூன்று பூ, விரிந்தபடி. ஓரம் வாடியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முதல் இரண்டும் மங்கல், மறுபடி எடுத்தேன்.

நவம்பர் 13, புதன்

மழை. அக்காவின் சின்னவனுக்கு லேசாகக் காய்ச்சல்.

ஆசிரியர் பெயர் சொல்லிவிட்டார். நீளமான லத்தீன் பெயர், மூன்று முறை எழுதிப் பார்த்தேன். குழுவில் எல்லோரும் வாழ்த்து. நடந்ததை அவருக்கு மட்டும் தனியாக எழுதினேன். அவர் பதில்: "காரணம் எண்ட இடத்தில 'தோட்ட வேலை' எண்டு போடுங்கோ பிள்ளை, அவ்வளவு காணும்."

பதிவுப் படிவம், பி.ப. 4.20க்கு அனுப்பியது:

கண்டவர்: என் பெயர்.
இடம்: ஓடைக்கரை, ஏழாம் நம்பர் மலை.
எண்ணிக்கை: ஒன்று.
இப்போதைய நிலை: இல்லை.
காரணம்: கண்டவர்.