உன் அண்ணனின் முன்பற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌகரியம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். சமையலறைக் குழாயை மாற்றினோம். பழையதைவிட இது அதிகமாகச் சொட்டுகிறது.

நீ தொடங்கப்போகும் ஜாஸ் கிளப்பில் முதல் நாள் வந்து வாசிக்கச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டாயாம். போனிலேயே சரியென்றுவிட்டார். அவர் உன்னிடம் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அவருடைய முன்பற்கள் இரண்டும் போய்விட்டன.

ரொம்ப நாளாகவே ஆடிக்கொண்டிருந்தன. ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் ரத்தம் வரும். பல் டாக்டர், "ஒண்ணு ஊதுறத விடுங்க, இல்ல பல்ல விடுங்க" என்றாராம். பல்லை விட்டார். மீசை முளைக்கும் முன்பே போலீஸ் பேண்டில் சேர்ந்து அணிவகுப்புக்கு ஊதியவர். ஹோட்டல் மேடைக்கு வந்த பிறகுதான் காகிதத்தில் எழுதாததை வாசிக்கப் பழகினார். பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த உனக்குத் தெரியாததா! பல்செட் கட்டியதும் காற்று ஓரமாக ஒழுகியது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து பழகினார். பக்கத்து வீட்டுக்காரர், "மாடு ஏதும் வாங்கிருக்கீங்களா?" என்று விசாரித்தார்.

போன மாதம் ஹோட்டல் மேடைக்குத் திரும்பினார். நானும் போயிருந்தேன். அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் உச்சத்துக்குப் போனார். வெறும் காற்றுதான் வந்தது. ட்ரம்பெட்டை இறக்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் மட்டும் மறுபடி எடுத்து, கீழே உள்ள சில ஸ்வரங்களை வைத்துக்கொண்டே, நிறைய இடைவெளி விட்டு, பாட்டை முடித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், "மேல ஏற முடியல. அதான் கீழயே நடந்து வந்துட்டேன்" என்றார். மறுநாள் மேலாளர் போன் செய்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மேடையில் அவருடைய நாற்காலியில் இப்போது வேறு ஆள்.

உன் கிளப்புக்காகப் பெட்டியை இப்போதே கட்டிவிட்டார். வேகமான பாட்டுகளை அன்றைக்கு வைக்காதே. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். பார்த்ததும் வாயை உற்றுப் பார்க்காதே. மேடையில் நடுவே அவர் ட்ரம்பெட்டை இறக்கினாலும் நீ தாளத்தை விட்டுவிடாதே, தம்பி. கொஞ்சம் பொறு, வந்து சேர்ந்துகொள்வார்.

நீயும் உன் புது இடமும் நன்றாக இருக்க வேண்டும்.

அண்ணி