நாற்பது நிமிடம் ஒரே தட்டு

9 ஜூலை 1968, செவ்வாய்

சாரல் விடவில்லை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். சமையலறை ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. ஆளுக்குச் சொல்லி மூன்று நாள்.

க. வந்திருக்கிறாள். என்னிடம் அல்ல. குற்றாலத்தில் வாடகை பங்களாவில், ஐந்து வெள்ளைக்காரர்களோடு. பெற்றவளுக்கு இந்தச் செய்தி வந்த வழி: பால்காரன் சமையல்காரப் பேச்சிக்கு, பேச்சி எனக்கு. ஆறு வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து வருகிறாள். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, மேலகரத்தில் என் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறாள்.

பேச்சி சொல்கிறாள்: "கமலாக்கா ஒரு லாரி நெறைய கட்டையும் கொட்டுமா கொண்டாந்திருக்காவளாம் ஆச்சி."

கட்டை. கொட்டு. கணக்கில் எம்.ஏ. முதல் வகுப்பு.

10 ஜூலை, புதன்

கடிதம் வந்தது, ஆள் மூலம். ஆங்கிலத்தில், நாலே வரி. கையெழுத்து கெட்டுவிட்டது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அருவிக்குப் பக்கத்து மைதானத்தில், சீசன் விழாவில் வாசிக்கிறார்களாம். நான் வர வேண்டுமாம். "நடுவில் எழுந்து போவதென்றால் வரவே வேண்டாம் அம்மா. எங்களுக்குத் திங்கள் மாலை ரயில்."

அம்மாவுக்கு நிபந்தனை.

எழுந்து போவதில் எனக்குப் பெயர் உண்டு, மறுக்கவில்லை. அவர் அண்ணன் வீட்டுக் கல்யாணக் கச்சேரி: பாடகர் சுருதியில் நிற்கவில்லை, எழுந்தேன். வக்கீல்கள் சங்க நாடகம்: ராணி முற்றிலும் ஆண்குரலில் அழுதாள், எழுந்தேன். அவர் உயிரோடு இருந்தவரை, "உனக்கு வாசலோரமாத்தான் நாற்காலி போடணும்" என்பார்.

தைக்க வேண்டியவை: தலையணை உறை 2, ஜாக்கெட் கொக்கி.

12 ஜூலை, வெள்ளி

மங்குஸ்தான் வாங்குவதற்காகக் குற்றாலம் போனேன். அந்த பங்களா மதில் பக்கம் வண்டியை நிறுத்தியது குதிரை இளைப்பாற.

ஒத்திகை நடந்தது. சகிக்கவில்லை. பன்னிரண்டு தட்டு. மறுபடி அதே பன்னிரண்டு. மறுபடி. ராகம் இல்லை, சாகித்தியம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கொல்லன் பட்டறையில்கூட நடுநடுவே இரும்பு ஆறும். இருவர் ஒன்றாக ஆரம்பிக்கிறார்கள். ஒருவன் மயிரிழை மயிரிழையாக முந்திப் போகிறான், மற்றவள் அசையாமல் நிற்கிறாள். வேண்டுமென்றே செய்கிறார்களாம். கான்வென்டில் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இருந்திருந்தால் முந்தியவன் விரல் முட்டியில் ரூலர் விழுந்திருக்கும்.

அசையாமல் நின்றது க. மதிலுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. பதினாறு வயதிலும் அப்படித்தான் வாசிப்பாள், பிடிவாதமாக. மிருதங்க வாத்தியாரை ஆறே மாதத்தில் நிறுத்தினேன். தோலில் தட்டினால் விரல் தடித்துவிடும், பியானோவுக்கு ஆகாது என்று காரணம் சொன்னேன். அது காரணம் இல்லை. பெண் கொட்டடித்தால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் காரணம். இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

மங்குஸ்தானில் பாதி அழுகல். கடைக்காரன் மூஞ்சியும்.

13 ஜூலை, சனி

தபாலாபீசில் டாக்டர் மனைவி பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏன் ஆச்சி, உங்க மக அமெரிக்காவுல கணக்குல்லா சொல்லிக் குடுக்காவன்னீய? இப்பம் கொட்டடிக்காவளாமே?"

ஆறு வருடமாக நான் சொன்னதுதான். முதல் வருடம் உண்மை. பிறகு அவள் கணக்கை விட்டுவிட்டதாக எழுதினாள், நான் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

கொட்டடிப்பதற்கும் கணக்கு வேண்டும் என்றேன். இந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஸ்டாம்பு வாங்க மறந்து வந்துவிட்டேன்.

14 ஜூலை, ஞாயிறு, மாலை 7

ஊர் தன் இஷ்டத்துக்குச் சொல்வதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

சாம்பல் நிறச் சேலை, குடை. 3.45க்கு முதல் வரிசையில். பின்னால் அருவிக்குப் போகிற கூட்டம் அப்படியே நின்றது, உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஈரத்துண்டு. ஒருவன் என் நாற்காலி முதுகில் கையைத் துடைத்தான். கடலைத் தொலி, வாழைப்பழத் தோல், குரங்கு. அருவருப்பு.

சரியாக நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். நான் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே விஷயம்.

தார்ப்பாயின் கீழ் மரப்பலகைகள், பித்தளைக் குண்டான்கள், ஜோடி ஜோடியாகச் சிறு கொட்டுகள். க. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். பன்னிரண்டு தட்டு. பத்து நிமிடம் போனது. பின்னால் ஒருவன், "இன்னும் சுதிதாம்லே சேக்குதானுவ" என்றான். அடுத்தவன், "பாட்டுக்காரி வரணும்லா, அதுவரைக்கும் தட்டிக்கிட்டு இருக்கானுவ" என்றான். பாட்டுக்காரி எந்தக் காரில் வருவாள் என்று பந்தயமே கட்டிவிட்டார்கள்.

ஓரத்தில் கோயில் தவில்காரர் உட்கார்ந்திருந்தார். தொடையில் விரலால் போட்டுப் பார்த்தார், விட்டார், மறுபடி போட்டார். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கணக்கு ஒரு எடத்துலயும் தப்பல ஆச்சி. ஆனா முத்தாய்ப்பு வச்சு வீட்டுக்கு வந்து சேர மாட்டேங்குதாவளே."

சரிதான். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், நிறுத்த முடியாமல். உயரமான பையன் முந்த ஆரம்பித்தான். ஒரு கட்டத்தில் இருவருக்கும் நடுவே, இருவரும் அடிக்காத ஓர் ஓசை கேட்டது. அருவிச் சத்தமாக இருக்கலாம்.

அப்போதுதான் விழாக் கமிட்டித் தலைவர், அரிசி மில்காரர், மைக்கைப் பிடித்தார். "கருவியெல்லாம் சரிபாத்து முடிக்க நேரமாவும் போல. அதுக்குள்ள நம்ம மரியாதைய முடிச்சிருவோம்." மாலையும் பொன்னாடையுமாக மேடை ஏறிவிட்டார். கூட போட்டோக்காரன்.

உயரமான பையனுக்கு முழங்கால் வரை ரோஜா மாலை. அவன் அதற்குள்ளேயே அடித்தான், இதழ் பறந்தது. அடுத்து க. பொன்னாடையை விரித்து, இரண்டு தோளையும் போர்த்தி, நுனியை இழுத்துச் செருகினார், மணமகனுக்குச் செய்வது போல. வலது கை உள்ளே மாட்டிக்கொண்டது. இடது கையால் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தாள். மில்காரர் தோளைப் பிடித்து போட்டோவுக்குத் திருப்பினார்.

எழுந்தேன்.

நான் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். க.வும் நினைத்தாள். பார்த்தேன் அந்த முகத்தை. மிருதங்கத்தை வாத்தியார் வண்டியில் ஏற்றிய அன்று வாசலில் நின்ற அதே முகம்.

மூன்று படி. மில்காரரின் முழங்கையைத் தொட்டு, "அண்ணாச்சி, இது கச்சேரி. ஆரம்பிச்சு இருபத்தாறு நிமிஷம் ஆச்சு. கீழ போங்க" என்றேன்.

"அப்படியா ஆச்சி? ஒருத்தரும் சொல்லலையே" என்றார், மைக்கிலேயே. மைதானம் சிரித்தது. மனுஷர் கெட்டவர் இல்லை. இறங்கிவிட்டார்.

ஜரிகை அவள் கைக்கடிகாரத்தில் சிக்கியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. "கையத் தூக்கு ஏட்டி" என்றேன். குற்றாலம் முழுக்கக் கேட்டிருக்கும், மைக் அங்கேயே இருந்தது. கான்வென்டில் ஏட்டி என்ற சொல்லுக்கு ஒரு வேளைப் பட்டினி. நாற்பத்தெட்டு வருடமாக என் வாயில் வந்ததில்லை.

தூக்கினாள். உருவினேன். கை பன்னிரண்டாவது தட்டில் போய் விழுந்தது.

பிறகு எங்கே போவது? இறங்கினால் எழுந்து போனதாகத்தான் ஆகும். கம்பத்தோரம் நின்றேன். பொன்னாடையை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன். தார்ப்பாயிலிருந்து இடது தோளில் சொட்டு. பதினாலு நிமிடம்.

முந்தியவனும் நின்றவளும் ஒரே தட்டில் சேர்ந்தார்கள். எல்லாம் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை, இனிமேல்தான் ஆரம்பம் என்று. தவில்காரர்தான் முதலில் தட்டினார்.

க. வியர்த்து என் முன்னால் நின்றாள். பொன்னாடையைக் கொடுத்தேன். "ஒத்தக் கையால அடிச்சப்போ ரெண்டு தட்டு விட்டுட்ட" என்றேன்.

"மூணும்மா."

"ரெண்டு. நான் எண்ணினேன்."

"மூணு. ஒண்ணு, நீங்க எந்திரிச்சப்போ."

அதை நான் எண்ணவில்லை.

15 ஜூலை, திங்கள்

வெயில். துணி எல்லாம் மாடியில். சேலை தோளில் தார்ப்பாய்க் கறை, போகாது.

டாக்டர் மனைவி வாசலில் நின்று, நேற்று நான் மேடை ஏறியதைப் பற்றி விசாரித்தாள். என் மகள் கொட்டடிக்கிறாள், நாற்பது நிமிடம், ஒரே தட்டு, இரண்டு பிழை என்றேன். கதவைச் சாத்தினேன்.

வெள்ளைக்காரர்கள் மாலை ரயிலில் போகிறார்கள். பகல் பதினொன்றுக்குக் கமலா வந்தாள். ஒரு பெட்டி, ஒரு ஜோடிக் கொட்டு. வெள்ளி வரை இருப்பாளாம். நான் கேட்கவில்லை, அவளே பேச்சியிடம் சொன்னாள்.

கொசுவலையில் ஓட்டை 2. கட்டில் கால் ஆடுகிறது. வெள்ளை நூல் வாங்க வேண்டும். பேச்சி சந்தோஷத்தில் அவியலில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாள், வாயில் வைக்க முடியவில்லை.

அந்தச் சங்கீதம் சகிக்க முடியாதது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள்.

சாப்பாட்டு மேசையில் தட்டக் கூடாது என்றேன். சரி என்றாள். ரசம் வரும்வரை பொறுத்தாள்.