விமானம் இறங்காத ஊர்

மெட்டில்டா அக்காவுக்கு,

குவைத்தில் சண்டை மூண்டதிலிருந்து என் வீட்டுக்காரரைப் பற்றி இன்னமும் ஒரு தகவலும் இல்லை.

விமான நிலையத்தை ஒட்டிப் பொழிச்சலூரில் இருந்தவரை, விமானச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். நீங்களும் கைவேலையைப் போட்டுவிட்டு எதிர்வாசலில் வந்து நிற்பீர்கள். "இதுல வந்திருப்பாருடி" என்பீர்கள். ஒருநாள், "பொய் சொல்லாதீங்க" என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். அந்தச் சத்தமே வேண்டாமென்று கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்தேன்.

இங்கே சத்தமே இல்லை. சுற்றிலும் காலி மனைகள். வாசலில் நின்றால் எதிரே யாருமில்லை. அவர் செத்துப்போய்விட்டார் என்றே பகலெல்லாம் தோன்றுகிறது, அக்கா.

நீங்கள் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விமானம் இறங்கும்போது அதையே இன்னொரு தரம் சொல்லுங்கள்.

இப்போதும்
உங்கள் எதிர்வீட்டுக்காரி